கிலோ கணக்கில் கடல்

முதல் புத்தகத்துக்குத் துணி அட்டை போட்டேன்.
பட்டு நாடா, தங்க எழுத்து, தனிப்பெட்டி.
நூற்றெண்பது ரிங்கிட்.
லெபு ஆர்மீனியனில் ஒரு மாடியறையில் வெளியீடு.
வந்த இருபத்தாறு பேரும்
கைகழுவிவிட்டுத் தொட்டார்கள்.
மிச்சப் பிரதிகள் என் கட்டிலுக்கடியில்
விருந்துக்கு மட்டும் எடுக்கும் பீங்கான்போலக் கிடக்கின்றன.
விருந்துதான் வரக்காணோம்.

யோகபாலன் அடுத்த ஓவியத்தைச்
சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோதே
சொல்லிவிட்டேன்:
இந்த முறை கைகழுவ வேண்டாத புத்தகம்.

நாற்பத்திரண்டு அடி நீளம்.
பட்டர்வொர்த்துக்குப் போக, வர,
நாளுக்கு ஓர் அடிக் கடல்.
நீலம் குறைச்சல்.
சேறு, டீசல், ஆறிப்போன பால்தேநீர்,
நடுவில் மூன்றடிக்கு ஒரு மஞ்சள் ஃபெரி.

வெட்டினேன்.
ஓர் அடிக்கு ஒரு தாள்.
முதுகு இல்லை, அட்டை இல்லை, தையல் இல்லை.
தண்ணீர் தெறித்தால் துடைத்துவிடலாம்,
அப்படியொரு காகிதத்துக்காக
அச்சகத்து சவரியாரோடு நாலு வாரம் சண்டை.
பக்க எண் எங்கே போடுவது என்று கேட்டார்.
கடலுக்கு ஏது பக்க எண் என்றேன்.
அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போய்
இன்னும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

சௌராஸ்தா சந்தை, கீழ்த்தளம்,
ஆ செங்கின் மீன்மேசை ஓரம்.
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அடுக்கினோம்.
பொறுக்கிக்கொள்ளலாம், நிறுத்துக்கொள்ளலாம்.
அன்றைக்குக் கெம்போங் மீன் கிலோ என்ன விலையோ
இதற்கும் அதே விலை.

முதல் நாள் ஈ மட்டும் உட்கார்ந்தது.
இரண்டாம் நாள் ஒருவர் கேட்டார்,
நேற்றைய கடலா, இன்றையதா?
நாசி கண்டார் கடைப்பையன்
இருட்டாக உள்ளதாகப் பார்த்து அரைக்கிலோ வாங்கினான்.
ஒரு மூக்குக்கண்ணாடிப் பெண்ணுக்கு
மேகம் உள்ள தாள் மட்டும்.
ஒருத்தர் அங்கேயே இறாலைச் சுற்றினார்.
யோகபாலன் கோப்பிக்கடைப் பக்கம் போய்விட்டான்.
மறுநாள் அதே மனிதர்:
“நல்ல தாள்மா, ஒட்டவே இல்ல, இன்னொண்ணு குடு.”
ஓவியக்கூடத்து நண்பர் வந்து
இது புத்தகமே இல்லை என்றார்.
நான் வாதாடவில்லை,
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் பூங்காவனம்.
பொது மருத்துவமனையில் துடைக்கிற வேலை.
சீருடை மாற்றாமல் வந்து கைப்பேசியை நீட்டினாள்.
ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில், பதினான்காம் மாடியில்,
மீட்டர் பெட்டியிலிருந்து கதவுவரை
ஒன்பது தாள், அலையோடு அலை பொருந்த.
பின்னால் பேனாவால் எண்
அவளாகவே போட்டுக்கொண்டாளாம்.
“வால் இருக்கு, வயிறு இருக்கு.
இந்தக் கப்பலுக்கு மூக்கு எங்கம்மா?”

மூக்கு என்னிடம் இருந்தது.
மஞ்சள் பிசகி அச்சாகிவிட்டதென்று
அந்தத் தாளை மட்டும் கட்டோடு ஒதுக்கியிருந்தேன்.
கடலில் ஓர் அடி குறைந்தால் யாருக்குத் தெரியும்?
எண்ணும்தான் இல்லையே.

மறுநாள் கொண்டுவந்தேன்.
மஞ்சள் ஒரு நூலளவு விலகி
ஃபெரி தன் நிறத்தைவிட்டு
முன்னால் போவதுபோல் இருந்தது.
அவள் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.
காசு வேண்டாம் என்றேன்.
தராசைக் காட்டினாள்.

வைத்தேன்.
ஒரே தாள்.
முள் அசையவில்லை.
அவளும் அசையவில்லை,
பணப்பையைத் திறந்தபடி நின்றாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

ஆ செங் கத்தியைக் கீழே வைத்தான்.
சுண்டுவிரலைத் தட்டின் விளிம்பில்,
முப்பது வருடம் யாருக்கும் தெரியாமல் வைத்த விரலை
எல்லோரும் பார்க்க,
மெல்ல வைத்தான்.

முள் கொஞ்சம் நகர்ந்தது.
“இருபது காசு” என்றான்.